இருபது நிமிடமும் ஒரு செக்கனும்

1

என் தங்கை சுகி தொலைபேசியில் நலம் விசாரிப்பதில்லை. நேரே விசயத்துக்கு வந்துவிடுவாள். அந்தத் திங்கட்கிழமை காலை நான் ட்ராமில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது வந்த அழைப்பும் அப்படித்தான்.

"அக்கா, அப்பாட ஆண்டுத் திவசத்துக்கு நோட்டீஸ் அடிக்கணும். அச்சுக்கூடக்காரன் கேட்டுக்கிட்டே இரிக்கிறான். நீ எழுதித் தா."

"நீயே எழுதன். உனக்குத் தமிழ் தெரியாதா?"

"உன்ன மாதிரி எழுத இஞ்ச ஆருக்கு வரும்? பெரிய படிப்புப் படிச்ச ஆள் நீதானே."

அதில் பாதி பாராட்டு, பாதி குத்து. சுகி ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். நான் நிற்கவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான். ஜெர்மனியில் ஓர் ஆய்வுகூடத்தின் அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ட்ராமில் போகும் முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் அன்று காலை அந்த அட்டைகூடப் பாரமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் ஒரு வெளிச்சம். இங்கே வருடத்தில் பாதி நாள் அப்படித்தான்.

"நாளைக்குத் தாறன்" என்றேன்.

"அங்கத்த நாளைக்கா, இஞ்சத்த நாளைக்கா?"

"நாலு மணித்தியாலம்கூட வித்தியாசம் இல்ல சுகி."

"அது உனக்கு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

2

எங்கள் ஊர் பழுகாமத்தில் யாராவது "அங்க என்ன புள்ள வேலை?" என்று கேட்டால், கருந்துளையைப் படம் பிடிக்கும் கூட்டத்தில் நானும் ஒரு வேலையாள் என்று சொல்வேன். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு, சாப்பாடு எப்படி என்று கேட்பார். அதற்கு மேல் விளக்க நான் முயன்றதில்லை. இங்கே முயன்று பார்க்கிறேன்.

கருந்துளை மிகமிகத் தூரத்தில் இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்கப் பூமி அளவுக்கு ஒரு தொலைநோக்கி வேண்டும். அப்படி ஒன்றைக் கட்ட முடியாது. அதனால் உலகத்தில் ஏற்கனவே இருக்கும் வானொலித் தொலைநோக்கிகள், மலைகளிலும் பாலைவனங்களிலும் தென் துருவப் பனியிலும் இருப்பவை, எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே இடத்தைப் பார்க்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கு வந்ததை வன்தட்டுகளில் பதிகிறது. பதிவது படம் அல்ல. கேட்டால் வெறும் இரைச்சல். அந்த இரைச்சல் இணையத்தில் அனுப்ப முடியாத அளவுக்குப் பெரியது. ஆகவே வன்தட்டுகளைப் பெட்டிகளில் அடைத்து விமானத்தில் அனுப்புகிறார்கள். துருவத்துப் பெட்டிகள் மட்டும் அங்கே குளிர்காலம் முடிந்து விமானம் இறங்கும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கும். பெட்டிகள் வந்து சேரும் அறைகளில் ஒன்றில்தான் எனக்கு வேலை. முதல் வருடம் சுங்கக் கந்தோரில் ஒருவர், "உள்ளே என்ன?" என்று கேட்டார். "இரைச்சல்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மூன்று நாட்கள் பெட்டியைத் தரவும் இல்லை.

பெட்டி வந்ததும் பொருத்திப் பார்க்கும் வேலை தொடங்கும். ஒவ்வோர் இடத்துப் பதிவிலும் அணு மணிக்கூட்டின் நேரம் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த நேரத்தை வைத்து இரண்டு இடத்துப் பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முன்னே பின்னே துளித்துளியாக நகர்த்திப் பார்ப்போம். இரண்டும் ஒரே அலையைக் கேட்டிருந்தால், திரையில் தட்டையாக ஓடும் கோட்டில் ஓரிடத்தில் முள் ஒன்று நிமிரும். முள் வந்தால் இந்த மலையும் அந்தப் பாலைவனமும் ஒன்றையே பார்த்தன என்று பொருள். வராவிட்டால் இரைச்சல் இரைச்சல்தான்.

எல்லா இடத்துக்கும் முள் வந்துவிட்டது. ஒரு தென் அமெரிக்க மலைக்கு மட்டும் வரவில்லை. மாதக்கணக்காகத் தேடினோம். எங்கள் குழுத் தலைவி உர்சுலா, நல்ல மனுசி, அதிகம் பேசமாட்டார், கடைசியில் சொன்னார்: "வெள்ளிக்கிழமை கூட்டத்தில் முடிவெடுப்போம். வரவில்லை என்றால் அந்த மலையைக் கழித்துவிட்டுப் படத்தைச் செய்வோம்."

அந்த மலையில் போன வருடம் பதிவு செய்தவள் நான். அப்பா செத்துப்போன செய்தி வந்தபோதும் அங்கேதான் நின்றேன். செய்தி வந்த பிறகும் நின்றேன். வெள்ளிக்கிழமை மலை கழிக்கப்பட்டால், நான் அங்கே நின்ற அத்தனை நாட்களும் வீண். இது உர்சுலாவுக்குத் தெரியாது. அம்மாவுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது.

3

வருடத்தில் சில நாட்கள் மட்டுமே எல்லாத் தொலைநோக்கிகளும் சேர்ந்து பார்க்கும். ஒவ்வொரு நாளும் எல்லா இடத்து வானிலையையும் கேட்டு, இன்று பார்ப்பதா இல்லையா என்று கூடி முடிவெடுப்பார்கள். ஓரிடத்தில் மேகம் மூடினால் மற்ற எல்லாரும் காத்திருக்க வேண்டும். ஊரில் வயல் வட்டைக்கு எந்த நாள் தண்ணீர் திறப்பது, எந்த நாள் விதைப்பது என்று வயல்காரர் எல்லாரும் கூடி முடிவெடுக்கும் கூட்டத்துக்கு அப்பாவோடு நான் போயிருக்கிறேன். இதுவும் அதே கூட்டம்தான். அங்கே சத்தம் கூடுதல். இங்கே ஆளுக்கு ஆள் நன்றி சொல்லிக்கொள்வது கூடுதல்.

அந்த மலையில் மூக்கில் ஒட்சிசன் குழாயோடுதான் வேலை. உடல் சோதனையில் தேறிய ஆட்கள் மட்டுமே மேலே போகலாம். என்னோடு இருந்தவர் எர்னெஸ்தோ, அந்த நாட்டுத் தொழில்நுட்பவியலாளர், ஐம்பதைத் தாண்டியவர். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம். எனக்கு ஸ்பானிய மொழி இல்லை. எண்களாலும் கைகளாலும் பேசிக்கொண்டோம். நான் பதிவேட்டை நிரப்பும் விதத்தைப் பார்த்து முதல் நாளே, "நீ வங்கியில் வேலை செய்தாயா?" என்று கேட்டார்.

பதிவு தொடங்கவிருந்த நாள் முற்பகல். மின்சாரம் ஒருமுறை சிமிட்டியது. பதிவு இயந்திரம் நின்று மறுபடி ஓடத் தொடங்கியது. அப்படி நின்று தொடங்கினால் அதற்கு நேரம் தெரியாது. நாங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒருவர் பொத்தானை அழுத்துவார். மற்றவர் இயந்திரத்தில் ஓடும் எண்களையும் எதிர்ச்சுவரில் செய்மதியிலிருந்து நேரம் எடுக்கும் மணிக்கூட்டில் ஓடும் எண்களையும் பார்த்து, இரண்டும் ஒன்றாகவே மாறுகின்றனவா என்று உறுதிசெய்து, பதிவேட்டின் கட்டத்தில் குறியிட வேண்டும். எர்னெஸ்தோ பொத்தானை அழுத்தினார். பதிவேடு என் கையில். அப்போது சட்டைப் பையில் தொலைபேசி அதிர்ந்தது. சுகி. ஊரில் அது இரவுச் சோற்று நேரம்.

"அக்கா, அப்பா போயிட்டாரு."

வேறு என்ன சொன்னாள் என்று எனக்கு நினைவில்லை. எர்னெஸ்தோ என் முகத்தைப் பார்த்தார். மெதுவாகப் பதிவேட்டைப் பிடித்து, "நான் பார்க்கிறேன். நீ இரு" என்றார். நான் அதை அவர் கையிலிருந்து இழுத்துக்கொண்டேன். "பார்த்துவிட்டேன்" என்றேன். குறியிட்டேன். கீழே கையெழுத்து வைத்தேன்.

மலை இறங்கி, மூன்று விமானம் மாறி, கொழும்பிலிருந்து ஊர் போய்ச் சேர மூன்று நாட்களாகும். அடக்கம் அடுத்த நாள் பின்னேரம். நான் எப்படியும் முகம் பார்த்திருக்கமாட்டேன். ஆனால் அம்மாவிடம் நான் அதைச் சொல்லவில்லை. "அம்மா, நான் இல்லாட்டி இஞ்ச இது பிழைச்சிரும்" என்றுதான் சொன்னேன்.

அம்மாவுக்குப் பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டது.

"அப்ப நில்லு" என்றார்.

முப்பத்தோராம் நாளுக்கும் நான் போகவில்லை. அன்று மன்னிப்புக் கேட்கத் தொலைபேசி எடுத்தபோது அம்மா சாதாரணமாகச் சொன்னார்: "நீ வராட்டி என்ன புள்ள. ஊர் வந்திச்சு."

4

முப்பத்தோராம் நாளுக்குப் போகாததற்குக் காரணம் ஒரு தாள். இந்த வருடமும் அதே தாள்தான். என் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். முடிவு வரும்வரை ஓர் இடைக்காலத் தாள் தருவார்கள். "இதை வைத்துக்கொண்டு ஊருக்குப் போகலாமா?" என்று குடிவரவு அலுவலகக் கருமபீடத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். "போகலாம்" என்றார். "திரும்பி வரலாமா?" அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "அது எல்லையில் இருப்பவரைப் பொறுத்தது."

அதே பெண் என் தந்தையின் பெயரையும் விலாசத்தையும் கேட்டார். பழுகாமம் என்று எழுத்து எழுத்தாகச் சொன்னேன். தட்டச்சு செய்தார். வெளியே வந்து படியிறங்கும்போதுதான், நான் அப்பா உயிரோடு இருக்கிறார் என்ற மாதிரிப் பேசிவிட்டு வந்திருக்கிறேன் என்று உறைத்தது. திரும்பி மேலே போகவில்லை. மறுபடி இலக்கம் எடுத்து வரிசையில் நிற்க எனக்குத் தெம்பில்லை.

இங்கே எல்லாரும் என்னை அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை என்பதை அவர்களுடைய படிவங்கள் ஏற்றுக்கொள்வதில்லை. கடவுச்சீட்டில் முன்னால் நிற்பது அப்பாவின் பெயர். ஆகவே நான் சாமித்தம்பி. "சாமிட்டாம்பி, உங்கள் பெட்டி வந்திருக்கிறது." "சாமிட்டாம்பி, காப்பி?" அப்பா உயிரோடு இருந்தபோது இதைச் சொல்லிச் சிரிப்போம். "என்ட பேரச் சொல்லி அங்க ஒருத்தன் ஏசினா நான் இஞ்ச இருந்து கேப்பன்" என்பார்.

அப்பாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. விரலைத்தான் வைப்பார். மணி பார்ப்பார், காசு எண்ணுவார், வயலில் எந்த வரம்பு யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். படிவம் வந்தால் நான். பத்து வயதில் தொடங்கிய வேலை அது. வெள்ளத்தில் பயிர் அழிந்ததற்கு விண்ணப்பம், அடையாள அட்டைக்கு விண்ணப்பம், தொலைந்த பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பம். எங்கள் வளவுக்கு ஆட்கள் தாளோடு வருவார்கள். ஒருமுறை ஒரு மாமா, தன் வயலில் அழிந்த பங்கைக் கொஞ்சம் கூட்டி எழுதச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன்.

"நீ பாக்கவா போற? எழுதன் புள்ள."

"பாக்காதத நான் எழுதமாட்டன் மாமா. வாங்க, வயலுக்குப் போவம். பாத்து எழுதுறன்."

அவர் திட்டிக்கொண்டே போய்விட்டார். அப்பா அன்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்: "என்ட மகள் எழுதினா எழுதினதுதான்."

நான் அந்த வசனத்தில் வளர்ந்தவள். இன்றும் எங்கள் குழுவில், சாமித்தம்பியின் பதிவேடு என்றால் யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. மலைக்கு முள் வராதபோதும் பார்க்கவில்லை. மணிக்கூடு சரி என்று நான் குறியிட்டிருக்கிறேன், ஆகவே மணிக்கூடு சரி. அப்படியானால் பிழை எர்னெஸ்தோவின் பக்கம். மின்சாரம் சிமிட்டிய பிறகு அவர் ஏதோ ஒரு மின் வடத்தை மாற்றிச் செருகியிருக்க வேண்டும். அவருக்குக் கடிதம் மேல் கடிதம் போனது. அவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக, வடங்களைப் படம் எடுத்து அனுப்பினார். போன மாத அறிக்கையில், 'அலைவாங்கிப் பகுதியில் வடத் தவறு இருக்கலாம்' என்ற வரியை எழுதியவளும் நான்தான்.

5

நோட்டீசை நான் செவ்வாய்க்கிழமை கொடுக்கவில்லை. புதன்கிழமை மதியம் சுகி மறுபடி எடுத்தாள். நான் சாப்பாட்டு அறையில் இருந்தேன்.

"அக்கா, அச்சுக்கூடக்காரன் என்னத் திண்டிருவான். பேரு, ஊரு, திதி, அவ்வளவுதான். அதுக்கு என்ன இத்தின நாள்?"

"சரி, சொல்லு. என்ன திதி?"

"துவாதசி. வாற கிழமை வியாழன். ஐயருக்குச் சொல்லியாச்சு, சமையலுக்கும் ஆள் சொல்லியாச்சு."

எழுதுமுன் பார்ப்பது என் பழக்கம். தொலைபேசியிலேயே போன வருடத்துப் பஞ்சாங்கத்தைத் தேடிப் பார்த்தேன். அப்பா போன நாளில் ஏகாதசி இரவு எட்டு பத்துக்கு முடிந்து, அதன்பிறகுதான் துவாதசி.

"அப்பா எத்தின மணிக்குப் போனாரு?"

"எட்டு இருவது. ஐயருக்கும் அதத்தான் சொன்னன்."

"எந்த மணிக்கூட்டில?"

"என்னக்கா கேள்வி? நம்மட வீட்டு மணிக்கூட்டிலதான். சுவரில இரிக்கிறது."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

அந்த மணிக்கூடு இருபது நிமிடம் முந்தி ஓடும். உயர்தரத்துக்கு விஞ்ஞானம் படிக்க நான் படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து எழுவான்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியிருந்தது. காலையில் ஒரே ஒரு பஸ். முதல் கிழமையிலேயே இரண்டு நாள் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் அப்பா வயலிலிருந்து வந்து, கால் கழுவாமலே கதிரையில் ஏறி, மணிக்கூட்டைக் கழற்றி முள்ளை முன்னால் திருப்பி வைத்தார். "இனி நீ பிந்தமாட்டா" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இரண்டு நேரம். வீட்டு நேரம், பஸ் நேரம். எல்லாரும் தலைக்குள் இருபதைக் கழித்துக்கொண்டே வாழ்ந்தோம்.

"சுகி, அது இருவது நிமிசம் முந்தி."

"ஐயோ அக்கா" என்றாள்.

"கழிச்சயா?"

"இல்ல."

"அப்ப எட்டு மணி. அது ஏகாதசி. திவசம் வியாழன் இல்ல, புதன்."

"சமையல்காரனுக்கு அச்சாரம் குடுத்தாச்சே."

"நீ அந்த மணிக்கூட்டோடயே வளந்த ஆள். பாக்கக்குள்ள கழிக்கத் தெரியாதா?"

"நான் பாக்கவே இல்ல." அவள் குரல் உயர்ந்தது. "அம்மா அப்பாட தலமாட்டில இருந்து எட்டு இருவது எண்டு கத்தினா. நான் அத எழுதினன். ஐயர் கேட்டாரு, நீ பாத்தயா புள்ள எண்டு. ஓம், பாத்த எண்டு சொன்னன்."

"பாக்காம ஏன் பாத்த எண்டு சொன்ன?"

இதைக் கேட்டிருக்கக் கூடாது. அவள் ஒரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்தது வந்தது.

"அப்பா கிடக்கிறாரு. நான் சுவரப் பாத்துக் கூட்டிக் கழிச்சிக்கிட்டு நிக்கவா? அந்த நேரத்தில ஆரு அக்கா மணிக்கூடு பாப்பாங்க? நீ பாத்திருப்ப. எனக்குத் தெரியும். நீ பாத்துக் கழிச்சி, வடிவா எழுதி, கீழ கையெழுத்தும் வெச்சிருப்ப. நீ அப்பிடிப்பட்ட ஆள்தானே."

அன்று மலையில் என் கையில் பதிவேடு இருந்தது. எர்னெஸ்தோ அதைப் பிடித்திருந்தார். நான் எதிர்ச்சுவரைப் பார்த்தேனா? எவ்வளவு முயன்றும் அந்தச் சுவரில் ஓடிய எண்கள் என் நினைவில் இல்லை. என் நினைவில் இருந்தது எர்னெஸ்தோவின் கட்டைவிரல் மட்டும்தான். நகத்தடியில் கறுப்பு எண்ணெய்.

"அக்கா? இரிக்கியா?"

"இரிக்கன்" என்றேன். "மறுகா எடுக்கிறன்."

6

நாங்கள் முள்ளைத் தேடுவது செக்கனின் மிகமிகச் சிறு துண்டுகளுக்குள். மணிக்கூடு சரி என்று தெரிந்தால் அதைத் தாண்டித் தேடத் தேவையில்லை. ஒரு முழுச் செக்கன் என்பது எங்கள் கணக்கில் வேறு ஊர். இந்த ஊரில் தொலைந்த மாட்டை யாரும் அங்கே போய்த் தேடமாட்டார்கள்.

ஆனால் மணிக்கூட்டை யாரும் பார்க்கவில்லை என்றால் மாடு அங்கேயும் போயிருக்கலாம். மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். மலையின் பதிவை ஒரு செக்கன் முன்னால் தள்ளினேன். கோடு தட்டை. பின்னால் தள்ளினேன்.

முள் வந்தது. தேட வேண்டியிருக்கவில்லை. நேராக, உயரமாக, ஒரு வருடமாக அங்கேயே நின்றது போல.

பொத்தான் அழுத்திய கணத்தில் இயந்திரம் ஒரு செக்கன் தவறிப் பிடித்திருக்கிறது. நடக்கக்கூடியதுதான். அதற்காகத்தான் ஒருவர் பார்க்க வேண்டும் என்று கட்டம் போட்டிருக்கிறார்கள். அடுத்த நாட்களில் அதே கட்டத்தில் 'மாற்றமில்லை' என்று எழுதிக்கொண்டே போனேன்.

ஒரு முழு நிமிடம் நான் சந்தோசமாக இருந்தேன். அந்த நாட்கள் வீணில்லை. பிறகு, இதை எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். சொல்லாமல் விடவும் வழி இருந்தது. 'மின்தடையால் நேரம் விலகியது' என்று எழுதினால் போதும். பொய்யும் இல்லை. வடத்தைப் பற்றி யாரும் மறுபடி பேசமாட்டார்கள். எர்னெஸ்தோவின் பெயரில் ஒட்டியது மட்டும் ஒட்டியபடியே இருக்கும்.

உர்சுலாவின் அறைக்குப் போனேன். திரையைக் காட்டினேன். அவர் எழுந்தே விட்டார்.

"எப்படிக் கண்டுபிடித்தாய்?"

"நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. பார்த்ததாகக் குறியிட்டேன்."

"நீயா?"

அந்த ஒரு சொல்லில் இருந்த ஆச்சரியம் எனக்கு வலித்தது. அன்று என்ன நடந்தது என்று முதன்முறையாகச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அன்றே சொல்லியிருக்கலாமே. எல்லாவற்றையும் நிறுத்தியிருப்போமே" என்றார். நிறுத்தியிருப்பார்கள்தான். நான் கேட்கவில்லை. அங்கே என் இடத்தை இன்னொருவர் நிரப்பலாம் என்று ஒப்புக்கொள்வது, அன்று, செய்தியைவிடக் கடினமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அதையே சொன்னேன். சிலர் கைதட்டினார்கள், முள் வந்ததற்காக. பிழையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

எர்னெஸ்தோவுக்குக் கடிதம் எழுத ஒரு பின்னேரம் முழுவதும் போனது. அவருடைய பதில் இரண்டு வரி. "எனக்குத் தெரியும். அன்று உன் கண் சுவருக்குப் போகவே இல்லை."

மறுபடி எழுதினேன்: "அப்படியானால் ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை?"

"நீ சொல்லுவாய் என்று நினைத்தேன். கொஞ்சம் பிந்திவிட்டாய்."

7

சனிக்கிழமை வீட்டுக்கு எடுத்தேன். சுகியின் மகள், ஆறு வயது, திரையில் என்னைப் பார்த்து, "பெரியம்மா வீட்டுக்குள்ளயும் ஜக்கட்டோட நிக்கிறா" என்று தாய்க்கு அறிவித்துவிட்டு ஓடிப்போனாள். என்னோடு பேசச் சொன்னால் வரமாட்டாள். அவளுக்கு நான் ஒரு கண்ணாடித் துண்டுக்குள் இருக்கும் ஆள்.

அம்மா வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, திதிய மாத்தணும். சுகி சொன்னாளா?"

"சொன்னாள். மாத்தத் தேவல்ல."

"அது பிழையான நேரம் அம்மா."

"ஆருக்குப் பிழை? அந்த மணிக்கூட்ட முந்தி வெச்ச ஆள் ஆரு? அவர் வெச்ச நேரத்தில அவர் போனாரு. ஐயருட்டயும் சொல்லிப்போட்டன். அவர் சிரிச்சாரு. வியாழன்தான்."

"மணிக்கூட்டயாவது திருத்தி வைங்க."

"திருத்தினா சுகிட சின்னவள் பஸ்ஸ விட்டிருவாள். வேற கதை இருந்தாக் கதை."

வேறு கதை இருந்தது. மலையைக் கழிக்கவில்லை, படத்தில் சேர்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்றேன். நான் அங்கே நின்றது வீண்போகவில்லை என்றேன். அம்மா தலையாட்டினார். நிறுத்தியிருக்கலாம். அம்மாவுக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை. ஆனால் சொல்லிவிட்டேன்.

"ஆனா அம்மா, இவ்வளவு நாளும் வராமக் கிடந்தது என்னாலதான். சுகி எடுத்த நேரம் நான் ஒரு மணிக்கூடு பாக்கணும். பாக்கல்ல. பாத்த எண்டு எழுதிப்போட்டன்."

"நீயா?"

உர்சுலா கேட்ட அதே கேள்வி. அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். திரை அசைந்து கூரை தெரிந்தது. பிறகு மறுபடி முகம்.

"ஒரு வருசமா நினைச்சிக்கிட்டு இருந்தன், அப்பன் போனது உனக்கு ஒண்டும் செய்யல்ல எண்டு" என்றார். "அப்பன் செத்த நேரமும் புள்ள கணக்குப் பாத்துக்கிட்டு நிண்டிச்சு எண்டு."

பின்னாலிருந்து சுகியின் குரல்: "நானும்தான்."

"நீ உன்ட வேலையப் பாரு" என்று அம்மா அவளை அதட்டினார். பிறகு என்னிடம், "சாப்பிட்டயா புள்ள?" என்று கேட்டார். ஒரு வருடமாக அவர் அதைக் கேட்டிருக்கவில்லை.

இந்தக் குறிப்பை எழுதுவது வியாழக்கிழமை, மதிய இடைவேளையில். வதிவிட அனுமதி இன்னும் வரவில்லை. நோட்டீசின் படத்தைச் சுகி அனுப்பியிருக்கிறாள். நான் எழுதிக்கொடுத்தபடியே அடித்திருக்கிறார்கள், துவாதசி என்று.

மேசையில் திருத்தப் படிவம் இருக்கிறது. பதிவேட்டில் ஒரு குறியை மாற்றினால் அதற்கும் ஒரு படிவம். என்ன மாற்றம், என்ன காரணம், யார் செய்தது. காலையில் உர்சுலா கதவடியில் நின்று, "காரணம் என்ற இடத்தில் மின்தடை என்று எழுது, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்பாகத்தான் சொன்னார்.

நான் எழுதினேன்: 'செய்தவர் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. பார்த்ததாகக் குறியிட்டார்.'

செய்தவர் பெயர் என்ற வரியில் சாமித்தம்பி என்று எழுதினேன். அப்பா தன் வாழ்நாளில் எழுதாத பெயர். எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்து, கையெழுத்து வைத்துவிட்டு, மணி பார்த்தேன். ஊரில் திவசத்துக்கு வந்த ஆட்கள் சாப்பிட்டு எழும்பியிருப்பார்கள். வீட்டு மணிக்கூடு அதற்கும் இருபது நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருக்கும்.